ஏரியில் அந்த மீனை விட்டது நீ இல்லை

என் அந்தோணிக்கு,

டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். ரயில் அரக்கோணம் தாண்டியதும் சீப்பைத் தேடிப் பெட்டியைத் திறப்பாய். தலை கலைந்தால் உனக்குப் பொறுக்காது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தொரு வருஷமாக உன்னை ஓயாமல் திட்டித் தீர்த்த வாய்க்கு, இதைச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து இதற்காவது உதவட்டும். நிதானமாகப் படி. நடுவில் கோபம் வந்தால் ஜன்னல் வழியாகக் கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்தூர் ஏரியில் அந்த ஜிலேபி மீனை விட்டது நீ இல்லை, நான். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக நம் வீட்டிலும் மாமா வீட்டிலும் தெருவிலும் 'ஏரியைக் கெடுத்த பையன்' என்று உன்னைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நீயே அதை நம்பிவிட்டாய். போன மாதம் மீன் பண்ணை வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்து என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "எதுக்கு இந்த வேலைக்கு வரேன்னு கேட்டாங்கம்மா. சின்ன வயசுல தெரியாம ஒரு ஏரியக் கெடுத்துட்டேன் சார், அதுக்குப் பதில் செய்யணும்னு சொன்னேன். அவங்களுக்கு அது புடிச்சுப் போச்சு" என்று சிரித்தாய். நைனா உன் முதுகில் தட்டினார். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ செய்யாத ஒன்றுக்குப் பரிகாரம் தேடி மேட்டூர் வரைக்கும் போகிறாய். வேலைக்குப் போ, சந்தோஷமாகப் போ. அந்தப் பாரத்தோடு மட்டும் போகாதே.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். உன் சூசை மாமா, என் கூடப்பிறந்த அண்ணன், அப்போது அந்த ஏரியின் மீன் குத்தகைக்காரர். வருஷா வருஷம் ஊரார் கூடி ஏலம் விடுவார்கள். அந்தப் பணத்தில்தான் வாய்க்கால் தூர் வாருவதும், பள்ளிக்கூடத்துக் கூரையில் உடைந்த ஓடு மாற்றுவதும் நடக்கும். மாமாவோடு ஆறு பேர் பங்குக்கு வலை இழுத்தார்கள். ஏரியில் கெண்டை, கெளுத்தி எல்லாம் உண்டு. ஆனால் பிழைப்பு கொடுத்தது விரால்தான். உயிரோடு தண்ணீரில் போட்டு ராயபுரம் மார்க்கெட்டுக்கு அனுப்புவார், விற்பது நான். அன்னக்கூடைக்குள் அது அடிக்கிற அடியில் என் புடவை நனையும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு உடம்பு தேற விரால்தான் வேண்டும் என்று தேடி வருவார்கள், பேரம்கூடப் பேசமாட்டார்கள். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற நைனாவின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும். உன் பள்ளிக்கூடச் செலவும் என் மூக்குத்தியும் அந்த விராலில் வந்தவை.

மாமா வீட்டுக்குப் பின்னால், ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், செங்கல்லுக்கு மண் எடுத்த ஒரு குட்டை இருந்தது. வண்ணாரப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த கரீம் பாய் நைனாவுக்கு உயிர் தோஸ்து. அவர்தான் தெற்கே உறவுக்காரர் வளர்க்கிற மீன் என்று ஒரு கிருஷ்ணாயில் டின்னில் அந்த ஜிலேபிக் குஞ்சுகளைக் கொண்டுவந்தார். "சூசைண்ணே, இது வெளிநாட்டு மீனு. தவிடு தூவுனா போதும், அது பாட்டுக்குப் பெருகிக்கினே போவும். சும்மா கெடக்குற குட்டைதானே, வுட்டுப் பாரு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் அந்த மனுஷன். ஒரு வருஷத்துக்குள் கை விட்டால் மீன் என்கிற அளவுக்குக் குட்டை நிறைந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் உள்ளங்கையைத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு மீன் பண்ணை அதிகாரி குட்டையைப் பார்த்துவிட்டு, "இது குட்டையோட நிக்கட்டும் பெரியவரே. ஏரிக்குள்ள போச்சுன்னா அப்புறம் யார் பேச்சையும் கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா பயந்துவிட்டார். ஐப்பசி மழையில் குட்டை வழிந்து ஏரியோடு சேர்வதற்குள் ஒன்று விடாமல் அழித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் மாத்தூருக்குப் போனோம். ஆயில் இன்ஜினை வைத்துக் குட்டையை இறைத்தார்கள். சேற்றில் மீன் புரண்டது. கூடை கூடையாக அள்ளினார்கள். உனக்கு ஏழு வயசு. "ஒன்னே ஒன்னு மட்டும் ஏரில வுட்டுக்கறேன் மாமா" என்று அழுதாய். "ஒதை வாங்குவே" என்று மாமா ஓங்கிக் கத்தினார். அப்புறம் குட்டையில் சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்கினார். அந்த அளவுக்குக் கவனமாக இருந்தார் என் அண்ணன். அவருக்குத் தெரியாத ஓட்டை அவர் கூடப்பிறந்தவள்தான்.

எனக்கு அப்போது எட்டாம் மாதம், லூர்து வயிற்றில். உனக்கும் அவளுக்கும் நடுவில் எனக்கு இரண்டு தங்கவில்லை. இதை உன்னிடம் யாரும் சொன்னதில்லை. மூன்றாவதாவது தங்கவேண்டுமே என்று நான் கும்பிடாத சாமி இல்லை, நடக்காத கோயில் இல்லை. மாதா கோயில் மட்டும் இல்லை என்பதை உன் சாமியாரிடம் சொல்லிவிடாதே. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் உயிரைக் கொல்லக்கூடாது என்பார்கள் இல்லையா? உன் நைனா, அவ்வளவு முரட்டு மனுஷன், பொறியில் விழுந்த எலியைக்கூட அடிக்காமல் கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நானோ மீன்காரி. செத்த மீனை அறுப்பது பிழைப்பு, அதில் பாவம் ஒட்டாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தேன். குழம்புக்கென்று கொஞ்சம் மீன் தண்ணீர்ச் சட்டியில் கிடந்தது. ஒன்றை எடுத்தேன், உயிர் இருந்தது. கையில் பிடித்ததும் அது வாயைத் திறந்தது. வாயிலிருந்து குஞ்சுகள் கொட்டின. கொசு அளவுக்குக் கண்ணும் வாலுமாக, நூறோ இருநூறோ. பதறிப்போய் அதைச் சட்டியிலேயே விட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. அப்புறம் வாயைத் திறந்தது. சிதறிக் கிடந்த குஞ்சுகள் எல்லாம் திரும்பி வந்து அதன் வாய்க்குள் நுழைந்துகொண்டன.

என் ஆயுசில் எத்தனையோ சினை மீனை அறுத்திருக்கிறேன், சினையைத் தனியாக வறுத்து உனக்கே ஊட்டியிருக்கிறேன். ஆனால் வாயில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிற ஒருத்தியை எப்படி அரிவாளில் வைப்பது? அதை அறுத்தால் என் வயிற்றில் இருப்பது தங்காது என்று என் உடம்பெல்லாம் சொன்னது. பைத்தியக்காரத்தனம்தான். நீ விளையாடக் கொண்டுவந்த பால்பவுடர் டப்பா பக்கத்தில் கிடந்தது. மீனைத் தண்ணீரோடு அதில் போட்டு, முந்தானையால் மூடி, கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று கரையேறினேன். இவ்வளவு பெரிய ஏரியில் ஒரு தாயும் நாலு குஞ்சும் என்ன செய்துவிடும், விரால் பிடித்துத் தின்றுவிடும் என்று நினைத்தேன். கவிழ்த்தேன். போய்விட்டது. மூச்சு வாங்கியதில் டப்பாவைப் படியிலேயே மறந்துவிட்டு வந்தேன். பிற்பாடு உன் டப்பாவைத் தேடிக்கொண்டு போய் எடுத்தவன் நீ. அதை வலை இழுக்கிற கோவிந்தன் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். அடுத்த மாதம் லூர்து நல்லபடியாகப் பிறந்தாள். அந்த மீன் கொடுத்த பிள்ளை என்றே வெகுநாள் நம்பினேன். இப்போதும் அந்த நம்பிக்கை முழுசாகப் போகவில்லை.

இரண்டாவது கோடையில் ஏரி வற்றியபோது மாமா நம் வீட்டுக்கு வந்தார். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்ததைத் தரையில் எறிந்தார். "இன்னா இது, தெரிதா?" என்றார். "குட்டைல இருந்த மீனுதானே அண்ணே" என்றேன். "குட்டையா? ஏரிம்மே, ஏரி! வலை பூரா இதான் கீது. விரால் எங்கன்னு தேடினா, ஒன்னு ரெண்டு. உன் புள்ள டப்பாவும் கையுமா கரைல நின்னுகினு இருந்தான்னு கோவிந்தன் சொல்றான்" என்று உன் பக்கம் திரும்பினார். நீ சுவரோடு ஒட்டிக்கொண்டாய். "நான் இல்ல மாமா. சத்தியமா நான் வுடல" என்றாய். நைனா பெல்ட்டை உருவினார். என் இடுப்பில் ஒன்றரை வயசு லூர்து. வாயைத் திறந்தால் அண்ணன் என்னைச் சபித்துவிடுவார், அந்தச் சாபம் இவள்மேல் விழும் என்று பயந்தேன். என் பையன் நாலு அடி வாங்கித் தாங்குவான் என்று மனசுக்குள் கணக்குப் போட்ட பாவி நான். ஆறு அடி விழுந்தது. ஆறையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த முறை மாமாவைப் பார்த்தபோது நீயாகவே போய், "நான்தான் மாமா, மன்னிச்சிருங்க" என்றாய். அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். அடி வாங்காமல் தப்பிக்கச் சொல்கிறான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் என்ன ஆனது என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ பண்ணை வேலைக்குப் போகிறவன், நான் கூடையிலிருந்து பார்த்ததையும் கேட்டுக்கொள். வலை நிறைய மீன் வந்தது, அதுதான் கொடுமை. அந்த முதுகு முள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுப்பதற்குள் ஆறு பேர் விரலும் ரத்தம், பாதி நாள் போச்சு, வலையும் கிழிந்துபோச்சு. கிழிந்ததைத் தைக்க ஒரு நாள், அன்றைக்குப் பங்கு கிடையாது. மற்ற மீன் போட்ட முட்டையை இது தின்றுவிட்டது. ஒரு நல்ல விரால் விற்ற காசுக்கு, இதை ஒரு கூடை விற்றாலும் வரவில்லை. மார்க்கெட்டில் கூடையைத் திறந்தால், "இன்னா இது கலீஜா கீது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது வருஷ ஏலத்தில் மாமா பாதிக்குமேல் கேட்கவில்லை, வேறு யாரும் வாயே திறக்கவில்லை. ஊருக்குப் பணம் குறைந்தது. பள்ளிக்கூடத்து ஓடு மாற்றாமலே கிடந்து, அடுத்த மழையில் பிள்ளைகள் மரத்தடியில் நின்றார்கள். மீனே பிடிக்காத வீட்டுப் பிள்ளைகளும்தான். அதற்கடுத்த வருஷம் மாமா ஏலத்துக்கே போகவில்லை. ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இவ்வளவும் என் ஒரு டப்பாத் தண்ணீர்.

சரி, அழுது வடிய இதை எழுதவில்லை. யாரும் பட்டினியில் சாகவில்லை, கர்த்தர் கைவிடவில்லை. மணலியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் மாமாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காக்கி உடுப்பும் விசிலுமாக அவர் நிற்பதைப் பார்த்தால் கலெக்டர் தோற்றார். கோவிந்தன் திருவொற்றியூரில் லேத்துப் பட்டறை வாசலில் அதே ஜிலேபியை மிளகாய் தடவிப் பொரித்து விற்கிறான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். நானும் தின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று மட்டும் யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். நான் விரால் கூடையை விட்டுக் கருவாட்டுக்கு மாறினேன், அதுவும் ஓடுகிறது. லூர்து வகுப்பில் முதல். நைனாவுக்கு வயிறு பெருத்ததைத் தவிர வேறு குறை இல்லை. மத்தியானம் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன். உன் முகம் வந்தால் மட்டும் அந்த நிம்மதியில் ஒரு முள் தைக்கும்.

போன ஞாயிறு மாத்தூருக்குத் தனியாகப் போய் மாமாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "ஏரி போனது போவட்டும்மே. அந்தப் பையன் கோயில்ல மொத மொத நற்கருணை வாங்குற புதுநன்மைக்குத் தாய்மாமன் நான் சட்டை எடுத்துக் குடுக்கணும். வேணும்னே போவல. கோயில் வாசல்ல என்னியத் தேடிகினு நின்னான்னு அப்பால சொன்னாங்க. அத இன்னா செஞ்சு திருப்பிக் குடுப்பே, சொல்லு" என்றார். வியாழக்கிழமை மாமாவே வந்து ஒரு பொட்டலத்தைத் தயங்கித் தயங்கி நீட்டிவிட்டு, உட்காரக்கூட மாட்டேன் என்று போய்விட்டார். பெட்டியில் மேலாக இருக்கிற நீலச் சட்டை அவர் எடுத்தது. அளவு தெரியாமல் பெரிதாக எடுத்திருக்கிறார். பரவாயில்லை, கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்.

புத்தி சொல்லாமல் விட்டால் அம்மா எழுதிய கடிதம் என்று நீ நம்பமாட்டாய். இனிமேல் ஊர் ஊராகக் குளத்துக்குக் குஞ்சு கொண்டுபோகிறவன் நீ. ஒரு தண்ணீரில் எதையாவது விடுமுன், அந்தத் தண்ணீர் மழைக்காலத்தில் எங்கே போகும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேள். பெருகுவதெல்லாம் வருமானம் இல்லை. மார்க்கெட்டில் கூடை வைத்திருக்கிறவளையும் ஒரு வார்த்தை கேள், அவள் உண்மையைச் சொல்வாள். 'ஒன்னே ஒன்னுதானே' என்று யாராவது கெஞ்சினால் கேட்காதே, என்னைப் போல் வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்றாலும் கேட்காதே. அவளைத் திட்டாமல் உட்காரவைத்து விளக்கிச் சொல். எனக்கு அன்றைக்கு யாரும் அப்படி விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் அதற்காக என்னை மன்னிக்கவேண்டாம். மீனை விட்டது தெரியாமல் செய்தது. உன்னை அடிக்க விட்டது தெரிந்தே செய்தது. ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொண்டு, பாவம் அம்மா என்று சொல்லிவிடாதே.

மேட்டூரில் யாராவது இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டால், பிடித்திருக்கிறது, வந்தேன் என்று சொல். அதுதான் உண்மையும்கூட. வாளித் தண்ணீரில் குஞ்சு எண்ணும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்மேல் கோபம் இருந்தால் நீளமாக எழுது. லூர்துவை விட்டு எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் தேய்த்துக் குளி. காசை எண்ணாமல் சாப்பிடு. இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. நைனாவும் படிக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்து வாங்கித்தான் பெட்டியில் வைக்கப் போகிறேன். அவருக்கும் இதுவரை தெரியாது. படித்துவிட்டு என்ன சொல்வாரோ, தெரியவில்லை.

உன்னைப் பெற்றதில் ஒரு நாளும் குறைபட்டிராத
உன் அம்மா

அந்தோணி, நைனா எழுதறேன். ரெண்டு தபா படிச்சேன். உங்கம்மா பண்ணதுக்கு அவ சொல்லிட்டா. நான் பண்ணதுக்கு நான் சொல்லணும். அன்னிக்கு நீ 'நான் இல்ல'ன்னு சொன்னேடா. நான் கேக்கல.